பதில்: மலேசியாவின் கேமரன் மலை ரிங்லெட்டில் கரண்டு போனால் அம்மாவுக்கு என்ன ஏற்பாடு?

தம்பி, அடைமழையில் கரண்டு போகுது, அம்மாவுக்கு நெபுலைசர் (மருந்தைப் புகைபோல ஆக்கி மூச்சில் இழுக்க வைக்கும் மெஷின்) ஓடணும், குளிரும் தாங்கலை, பின்கட்டில் ஜெனரேட்டரும் அறையில் கரியடுப்பும் வைக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. ரெண்டும் வேண்டாம். முக்கியமா கரியடுப்பு. அதில் வரும் கார்பன் மோனாக்சைடுங்கிற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது. கேமரன் மலைக் குளிருக்குக் கதவு ஜன்னலைச் சாத்திட்டுப் படுத்தா தூக்கத்திலேயே ஆள் போயிடும். பனி கொட்டும் நாடுகளில் கரண்டு இல்லாத ராத்திரிகளில் இப்படியும் சாகிறாங்க.

நெபுலைசர் பெரும்பாலும் 150 வாட்டுக்குள்தான் இழுக்கும் (அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்க), அதுவும் பத்துப் பதினைந்து நிமிஷம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியும் 500 வாட் சைன் வேவ் இன்வெர்ட்டரும் போதும். கூடவே ரெண்டு எல்இடி விளக்கு, வைஃபை எல்லாம் விடியும்வரை ஓடும். கெட்டிலை மட்டும் செருகிடாதீங்க, அது 2,000 வாட் கேட்கும்.

சூட்டுக்கு கேஸ் அடுப்பு இருக்கே. தண்ணீர் காய்ச்சி, கொதி அடங்கினதும் ரப்பர் பையில் ஊற்றி, துணி சுற்றி அம்மா போர்வைக்குள்ள கால்மாட்டில் வைங்க. மிச்சம் தெர்மோஸுக்கு.

ஜெனரேட்டருக்கு முன்பணம் கட்டியாச்சுன்னா, அதன் புகையிலும் அதே விஷவாயுதான், வீட்டை விட்டு இருபது அடி தள்ளி வைங்க. அதைச் சுவர் பிளக்கில் செருகி வீடு முழுக்கக் கரண்டு ஏத்தும் வித்தை வேண்டவே வேண்டாம். அந்தக் கரண்டு வெளிக்கம்பிக்குப் போய், கம்பத்தில் ஏறியிருக்கும் டிஎன்பி (மின்சார கம்பெனி) ஆளைக் கொன்னுடும்.

கரண்டு போனதும் டிஎன்பியின் 15454-க்கு நீங்களே போன் அடிங்க. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருப்பார்னுதான் லயத்தில் எல்லாரும் சும்மா இருப்பாங்க.