பொடியோடு நான்கு வருடம்: மருந்துப் பொறியியல் பிஎச்டி பற்றி நீங்கள் கேட்டவை

இரண்டு மாதமாக வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் சேர்ந்துவிட்ட கேள்விகளுக்கு இன்று உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: மாத்திரைத் தொழிற்சாலையில் மூன்று வருடம் உற்பத்திப் பிரிவில் இருந்துவிட்டு, பினாங்கில் மருந்துப் பொறியியலில், அதாவது மருந்தைப் பொடியாகவும் மாத்திரையாகவும் செய்யும் முறைகள் பற்றி, பிஎச்டி முடித்து, இப்போது கோலாலம்பூரில் பாடம் நடத்துகிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

பட்டர்வொர்த் தம்பி ஒருவர்: "அண்ணா, நான் கெமிக்கல் இன்ஜினியரிங். மருந்தியல் ஒரு பாடம்கூடப் படித்ததில்லை. என்னை எடுப்பார்களா?"

எடுப்பார்கள். சொல்லப்போனால் சில ஆய்வுக்கூடங்கள் உங்களைப் போன்றவர்களைத்தான் தேடுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் இது மருந்து பற்றிய படிப்பு போலத் தெரியும், ஆனால் உள்ளே வந்தால் பாதி நாள் பொடியோடுதான் போராட்டம். ஒரு கிலோவில் அழகாகக் கலந்த பொடி முந்நூறு கிலோவில் ஏன் கலக்க மாட்டேன் என்கிறது, மிக்சரில் சரியாக இருந்தது ஹாப்பரில் (மெஷினுக்குப் பொடி ஊட்டும் புனல்) இறங்கும்போது பெரிய துகள் ஒரு பக்கம் சிறிய துகள் ஒரு பக்கம் என்று ஏன் பிரிகிறது, இதற்கெல்லாம் விடை உங்கள் பாடத்தில்தான் இருக்கிறது. கரைசலைச் சூடான காற்றில் தூவிப் பொடியாக்கும் ஸ்ப்ரே டிரையரில் பால் மாவு காய்வதும் மருந்து காய்வதும் ஒரே வெப்பக் கணக்கு.

நீங்கள் புதிதாகப் படிக்க வேண்டியது திடப்பொருளின் குணத்தை. ரிட்டோனாவிர் கதையைத் தேடிப் படியுங்கள். எச்ஐவிக்கான அந்த மருந்து 1996ல் சந்தைக்கு வந்தது, 1998ல் அதே மூலக்கூறு யாரும் எதிர்பார்க்காத வேறொரு படிக வடிவில் தோன்ற ஆரம்பித்தது. புதிய வடிவம் கரைய மறுத்தது, கேப்ஸ்யூலையே சந்தையிலிருந்து எடுக்க வேண்டியதாகிவிட்டது. வேதியியல் வாய்பாட்டில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, அடுக்கிய விதம் மட்டும் மாறியது. இதை வாசித்துவிட்டு உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் நீங்கள் சரியான இடத்துக்கு வருகிறீர்கள்.

எங்கே விண்ணப்பிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். 'மருந்துப் பொறியியல்' என்ற பெயர்ப்பலகையைத் தேடி அலையாதீர்கள், இங்கே இந்த ஆய்வு பெரும்பாலும் மருந்தியல் துறைக்குள்ளோ இரசாயனப் பொறியியல் துறைக்குள்ளோதான் நடக்கிறது. யுஎஸ்எம்மில் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) மருந்தியல் பள்ளி பினாங்குத் தீவில் மிண்டெனில் இருக்கிறது, 1972ல் தொடங்கியது. அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் கடலுக்கு அந்தப் பக்கம், நிபோங் திபாலில். கோலாலம்பூர் பக்கம் வந்தால் மலாயாப் பல்கலைக்கழகம், ஜாலான் ராஜா மூடாவில் யுகேஎம்மின் (மலேசிய தேசியப் பல்கலைக்கழகம்) மருந்தியல் துறை, சன்வேயில் மோனாஷ், செமினியில் நாட்டிங்ஹாம். ஒரு மேற்பார்வையாளர் மருந்தியலிலும் துணை மேற்பார்வையாளர் பொறியியலிலும் இருந்தால் உங்களுக்கு நல்லது. இரண்டு பக்கமும் ஓட வேண்டியிருக்கும், பினாங்கு என்றால் பாலத்தில் நெரிசல் உண்டு, இருந்தாலும் நல்லது.

கோலாலம்பூர் அரசு மருத்துவமனை மருந்தாளர் ஒருவர்: "வேலையை விடாமல் பகுதி நேரமாகச் செய்யலாமா? பட்டம் வந்தால் பதிவில் ஏதாவது மாறுமா?"

இரண்டாவது கேள்வி எளிது, மாறாது. உங்கள் பதிவு 1951ஆம் ஆண்டு மருந்தாளர் பதிவுச் சட்டத்தின் கீழ் வருவது, முனைவர் பட்டம் அதில் எதையும் கூட்டாது குறைக்காது. இதையே மறுபக்கம் திருப்பியும் சொல்கிறேன், ஏனென்றால் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்: பொறியாளர் ஒருவர் மருந்தியல் துறையில் பிஎச்டி வாங்கினாலும் மருந்துக்கடை நடத்தும் பார்மசிஸ்ட் ஆக முடியாது. அதற்கு அங்கீகரித்த பார்மசி இளங்கலையும் பயிற்சியும் வேண்டும்.

பகுதி நேரம் பற்றி. மருந்துப் பயன்பாடு, நோயாளிப் பதிவேடு மாதிரியான ஆய்வு என்றால் முடியும். மெஷின் ஆய்வு என்றால் ரொம்பக் கஷ்டம். ஃப்ளூயிட் பெட் டிரையரை (சூடான காற்றில் பொடியை மிதக்கவிட்டுக் காயவைக்கும் மெஷின்) சூடாக்கி, ஓட்டி, கழுவிக் காயவைக்கவே ஒரு முழு நாள் போய்விடும், சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் வந்து செய்கிற வேலையாக அதை நினைக்க முடியாது. அரசு ஊழியர் என்பதால் எச்எல்பி (அரசு ஊழியர்களுக்கான கூட்டரசுப் பயிற்சி உதவித்தொகை) வழியாக முழு நேரத்துக்கு விண்ணப்பித்துப் பாருங்கள், முடித்தபின் அரசு வேலையில் இருக்க வேண்டிய ஒப்பந்தக் காலம் உண்டு என்பதை வீட்டில் பேசிவிட்டு. அப்படியும் பகுதி நேரம்தான் என்றால் வருமான வரிப் பாரத்தில் ஒன்றை மறக்காதீர்கள்: சொந்தப் படிப்புக் கட்டணத்துக்கு வருடத்துக்கு 7,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு, முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் எந்தத் துறையானாலும் பொருந்தும். ஊழியர் சேமநிதியிலிருந்தும் கல்விக்காகப் பணம் எடுக்கலாம். நான் எடுத்தேன், ஆனால் அது வயதான காலத்துக் காசு, யோசித்து எடுங்கள்.

பாயான் பாருவிலிருந்து ஒரு தங்கை: "மேற்பார்வையாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது? எல்லாருடைய வலைப்பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது."

வலைப்பக்கத்தை மூடிவிட்டு நேரில் போங்கள். பேராசிரியரைப் பார்ப்பதற்கு முன்னால் அவருடைய மாணவர்களைக் கேன்டீனில் பாருங்கள், ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்தால் பேசுவார்கள். கடைசியாக முடித்த மூன்று பேர் எத்தனை வருடத்தில் முடித்தார்கள்? பாதியில் விட்டுப்போனவர்கள் யார், ஏன் போனார்கள்? எழுதிக் கொடுத்த அத்தியாயம் எத்தனை நாளில் திரும்பி வருகிறது? வாரத்துக்கு ஒருமுறை பார்க்க முடிகிறதா, ஆறு மாதத்துக்கு ஒருமுறையா? இவ்வளவும் தெரிந்தால் போதும்.

அப்புறம் பணம். இதைக் கேட்கக் கூச்சப்படுகிறோம், கூச்சப்படவே கூடாது. உங்கள் மாதப்படி மேற்பார்வையாளரின் ஆய்வு மானியத்திலிருந்து வருகிறதென்றால், அந்த மானியம் என்றைக்கு முடிகிறது என்று தேதியோடு கேளுங்கள். எஃப்ஆர்ஜிஎஸ் (அரசின் அடிப்படை ஆய்வு மானியம்) போன்ற மானியம் இரண்டு அல்லது மூன்று வருடம் ஓடும். பிஎச்டி மூன்றிலிருந்து நான்கு வருடம் ஆகும். அதுவும் மானியம் தொடங்கி எட்டு மாதம் கழித்து நீங்கள் சேர்ந்தால்? ஆய்வேடு எழுதும் கடைசி வருடத்தில், வேறு எதையும் யோசிக்க முடியாத நேரத்தில், காசு வருவது நின்றுவிடும். எனக்குத் தெரிந்த இரண்டு நல்ல பிள்ளைகள் அந்த இடத்தில்தான் டியூஷன் எடுக்கப் போய், ஆய்வேடு இழுத்துக்கொண்டே போனது. மானியம் முடிந்தபின் என்ன ஏற்பாடு என்று சேரும்போதே எழுத்தில் வாங்குங்கள்.

மெஷினையும் உங்கள் கண்ணால் பாருங்கள். பட்டியலில் இருக்கும் மெஷின் எல்லாம் ஓடும் மெஷின் என்று நினைக்காதீர்கள். மேலே தூசி இருக்கிறதா, கடைசியாகப் பயன்படுத்திய தேதி பதிவேட்டில் எப்போது என்று பாருங்கள். பழுதுபார்க்க வெளிநாட்டிலிருந்து பாகம் வரக் காத்திருந்த ஐந்து மாதத்தை நான் மறக்கவில்லை.

"தொடர் உற்பத்திதான் இப்போது சூடான தலைப்பு என்கிறார்கள். அதையே எடுக்கலாமா?" (செர்டாங்)

நல்ல தலைப்புதான். பல தலைமுறையாக மாத்திரையைத் தொகுதி தொகுதியாகத்தான் செய்துவந்தோம்: கலக்கு, நிறுத்து, சோதி, அடுத்த மெஷினுக்குத் தூக்கு. ஒரு முனையில் பொடி போட்டு மறுமுனையில் மாத்திரை எடுப்பது என்பது 2015ல் ஆர்காம்பி மாத்திரைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒப்புதல் கொடுத்தபோதுதான் நடைமுறைக்கு வந்தது, அடுத்த வருடமே பிரெசிஸ்டா என்ற எச்ஐவி மாத்திரையைப் பழைய முறையிலிருந்து புதிய முறைக்கு மாற்றவும் ஒப்புதல் கிடைத்தது. 2022ல் பல நாட்டு மருந்து விதிகளை ஒருங்கிணைக்கும் ஐசிஎச் அமைப்பு இதற்கென்றே க்யூ13 வழிகாட்டியை வெளியிட்டது. ஆனால் முழு வரிசை மெஷின் இல்லாத ஆய்வுக்கூடத்தில் இந்தத் தலைப்பை எடுத்தால் மூன்று வருடமும் கணினியில் மாதிரிதான் ஓட்ட வேண்டிவரும். அது பிடிக்கும் என்றால் சரி. இல்லையென்றால் வரிசையில் ஒரே ஒரு துண்டை, ட்வின் ஸ்க்ரூ கிரானுலேஷன் (இரட்டைத் திருகில் பொடியைச் சிறு மணிகளாக்குவது) மாதிரி, எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இன்னொரு ஆசை உண்டு, சொல்லிவிடுகிறேன். நம் ஊருக்கே உரிய பிரச்சினைகள் கிடக்கின்றன. ஐரோப்பாவில் மருந்தின் நிலைப்புத்தன்மையை 25 டிகிரி, 60 விழுக்காடு ஈரப்பதத்தில் பார்த்தால் போதும், நமக்கு 30 டிகிரி, 75 விழுக்காடு. குளிர் நாட்டில் இரண்டு வருடம் தாங்கும் மாத்திரை இங்கே ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடலாம். கேப்ஸ்யூல் ஓட்டில் இருக்கும் ஜெலட்டின் எந்த விலங்கிலிருந்து என்று கேட்கும் நாடு இது, ஹலால் மருந்துக்கென்று எம்எஸ் 2424 தரமே 2012ல் வந்துவிட்டது. செடியிலிருந்து எடுக்கும் எச்பிஎம்சி ஓட்டுக்கு மாறினால் மருந்து கரையும் வேகம் மாறுமா, நிரப்பும் மெஷினில் ஓடு உடையுமா? சைவம் சாப்பிடும் நம் வீட்டுப் பாட்டிமாரும் இந்தப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். வெளிநாட்டுக் கட்டுரையில் எது சூடு என்று பார்ப்பதற்கு முன் பக்கத்துத் தொழிற்சாலையில் எந்தப் பொடி தகராறு செய்கிறது என்று விசாரியுங்கள்.

கிள்ளானிலிருந்து ஒரு அம்மா: "மகளுக்கு 27 வயசு. இன்னும் நாலு வருசம் படிக்கணும் என்கிறாள். வேலை கிடைக்குமா சார்? கல்யாணமும் தள்ளிப்போகுதே."

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. வேலை பற்றி உள்ளதைச் சொல்கிறேன். தொழிற்சாலையில் உற்பத்தி, தரக்கட்டுப்பாடு வேலைக்கு இந்தப் பட்டம் தேவையே இல்லை, அதற்காகத்தான் படிக்கிறாள் என்றால் வேண்டாம். ஆய்வு மேம்பாட்டுப் பிரிவு, பல்கலைக்கழகம், மருந்துப் பதிவு மதிப்பீடு இவற்றில் பட்டம் உதவும். பாயான் லெப்பாஸில் பி.பிரவுன், ஈப்போவில் ஹோவிட், மலாக்காவில் கோத்ரா, ஜொகூரில் இன்சுலின் செய்யும் பயோகான் என்று இடங்கள் இருக்கின்றன, ஆனால் ஆய்வுப் பதவிகள் கொஞ்சம்தான். முதல் வேலை சிங்கப்பூரிலோ இன்னும் தூரத்திலோ அமையலாம். கல்யாணத்தைப் பொறுத்தவரை என்னோடு படித்தவர்களில் நடுவில் கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, விடுப்பு எடுத்துத் திரும்பி வந்து முடித்தவர்கள் உண்டு. மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்தப் பிரச்சினையைத் தீர்க்கப் போகிறாய்?" பளிச்சென்று ஐந்து நிமிடம் பேசினாள் என்றால் விடுங்கள்மா, படிக்கட்டும்.

கோயம்புத்தூரிலிருந்து: "எம்.ஃபார்ம் முடித்திருக்கிறேன். மலேசியா வர விசா எப்படி?"

முதலில் பல்கலைக்கழக இடம், அப்புறம்தான் விசா. மாணவர் பாஸ் விண்ணப்பம் பல்கலைக்கழகம் வழியாக வெளிநாட்டு மாணவர் விண்ணப்பங்களைக் கவனிக்கும் இஎம்ஜிஎஸ்சுக்குப் போகும், மருத்துவப் பரிசோதனை உண்டு. இடைத்தரகரிடம் காசு கொடுக்காதீர்கள். மேற்பார்வையாளருக்கு நேராக எழுதுங்கள், அவருடைய இரண்டு கட்டுரைகளைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

"நான் தமிழ்ப்பள்ளி மாணவன். ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுத முடியுமா என்று பயமாக இருக்கிறது." (சுங்கைப் பட்டாணி)

நானும் தமிழ்ப்பள்ளிதான், தோட்டத்துப் பள்ளி. அரசுப் பல்கலைக்கழகங்களில் மலாயிலும் எழுதலாம், ஆனால் உங்கள் கட்டுரைகளை உலகம் படிக்க வேண்டுமே. ஆய்வு ஆங்கிலத்துக்கு அலங்காரம் வேண்டாம், என்ன செய்தேன், என்ன வந்தது, ஏன் வந்தது, அவ்வளவுதான். நான் கடினமான பத்தியை முதலில் தமிழில் எழுதிப் பார்ப்பேன். எனக்கே புரியவில்லை என்றால் குற்றம் ஆங்கிலத்தில் இல்லை, இன்னும் யோசிக்கவில்லை என்று தெரிந்துவிடும்.

பினாங்கில் இரண்டாம் வருட மாணவி: "ஆறு மாதமாக ஒரே சோதனை, ஒவ்வொரு முறையும் வேறு முடிவு. நான் இதற்கு லாயக்கில்லையோ என்று தோன்றுகிறது."

தங்கச்சி, உங்கள் மின்னஞ்சலை இரண்டு முறை படித்தேன். என் கதையைச் சொல்கிறேன்.

இண்டோமெத்தசின் என்ற வலி மருந்தைப் பிவிபி என்ற பாலிமரோடு சேர்த்து ஸ்ப்ரே டிரையரில் காயவைத்து, படிகமாகாத பொடியாக எடுப்பது என் வேலை. படிகம் இல்லையென்றால் வேகமாகக் கரையும். சில பொடி அருமையாகக் கரைந்தது, சில பொடி கரையவே இல்லை, எக்ஸ்ரேயில் பார்த்தால் படிகச் சிகரங்கள். அதே கரைசல், அதே வெப்பம், அதே ஆள். நான்கு மாதம் இப்படிப் போனது. மேற்பார்வையாளரிடம் சொல்லவே பயந்தேன். ஒருநாள் ராத்திரி எல்லா முடிவுகளையும் தேதி வாரியாக இல்லாமல் கிழமை வாரியாக எழுதிப் பார்த்தேன். கெட்டுப்போனவை பெரும்பாலும் திங்கட்கிழமை அளந்தவை.

கட்டடத்தின் ஏர்கான் வெள்ளி சாயங்காலம் நின்றுவிடும், திங்கள் காலைதான் ஓடும். பினாங்குக் காற்று இரண்டு நாள் உள்ளே இருந்திருக்கிறது. பிவிபி தண்ணீரை இழுக்கும் பொருள், அந்தத் தண்ணீர் பொடியின் கண்ணாடி நிலை மாறும் வெப்பத்தை (இறுகிய பொடி இளகத் தொடங்கும் வெப்பநிலை) கீழே இறக்கிவிடும், அப்புறம் மூலக்கூறுகள் அசைந்து படிகமாகிவிடும். பாடத்தில் படித்ததுதான், ஆனால் என் தட்டில் நடக்கிறது என்று தோன்றவே இல்லை. பிறகு அந்தத் திங்கட்கிழமைப் பொடிகளையே வைத்து ஈரப்பதம் பற்றி ஓர் அத்தியாயம் எழுதினேன், வைவா என்ற வாய்மொழித் தேர்வில் அதிக நேரம் பேசியது அதைத்தான்.

ஆகவே இந்த வாரம் புதிய சோதனை எதுவும் வேண்டாம். சின்ன ஈரப்பத மானி ஒன்றை வாங்கி உங்கள் மேசையில் வையுங்கள், விலை அதிகமில்லை. பொடியைச் சிலிக்கா ஜெல்லோடு டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) மூடி வையுங்கள். ஆறு மாத முடிவுகளையும் ஒரே தாளில் எழுதுங்கள்: கிழமை, நேரம், மழையா வெயிலா, மூலப்பொருளின் லாட் எண், உங்களுக்கு முன்னால் மெஷினைக் கழுவியது யார். அந்தத் தாளைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.