பிளீ பார்கெயினிங்கில் (எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனை, இழப்பீடு பற்றி உடன்பாடு பேசும் முறை) பாதிக்கப்பட்டவரை வெளியே அனுப்பலாமா?

உடன்பாடு பேசும் கூட்டமென்றால் அனுப்ப முடியாது. போலீஸ் வழக்கில் அரசு வக்கீல், புலனாய்வு அதிகாரி, எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) இவர்களோடு பாதிக்கப்பட்டவருக்கும் நோட்டீஸ் தரவேண்டும் என்கிறது குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 291-வது பிரிவு.

ஆனால், உங்களை அடித்தவர் பிளீ பார்கெயினிங் கேட்டு மனுப் போட்ட அன்றே உங்களை வெளியே நிற்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது அநேகமாக முந்தைய கட்டம். எதிரி தானாக முன்வந்துதான் மனுப் போட்டாரா என்று நீதிபதி தனியாக விசாரிப்பார். அப்போது மறுதரப்பு இருக்கக்கூடாது.

இ-கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற இணையதளத்தில் வழக்கு எண்ணைப் போட்டு எந்தக் கட்டம் என்று பாருங்கள். கூட்டத்துக்குத் தேதி குறித்தும் நோட்டீஸ் வரவில்லையென்றால் உடனே நீதிமன்றத்தில் எழுதிக் கொடுங்கள். கூட்டத்துக்கு ஆஸ்பத்திரி ரசீதுகளை எடுத்துப்போங்கள், இழப்பீட்டுப் பேச்சு அங்கேதான் நடக்கும்.

அப்புறம், யாரோ அவசரப்படுத்துகிறார்கள் என்று உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உடன்பாடு ஏற்படாவிட்டால் வழக்கு வழக்கம்போல் தொடரும். உடன்பாட்டின்படி தீர்ப்பாகிவிட்டால் சாதாரண மேல்முறையீடு கிடையாது.