நியமன உறுப்பினர் ஒருவரின் மூன்றாண்டுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைத் தமிழகத்தின் தலைசிறந்த சட்டமன்றவாதிகளுள் ஒருவர் என்று தங்கள் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர், அரசால் நியமிக்கப்பட்டவர். சட்டமன்றத்தில் இருந்ததும் ஏறத்தாழ மூன்றாண்டுகளே. தேவதாசி ஒழிப்புச் சட்டமோ அவர் விலகிப் பல ஆண்டுகள் கழித்து, 1947இல்தான் நிறைவேறியது. தேவதாசி முறை தொடர வேண்டும் என்ற காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்திக்கு, ‘அப்படியானால் உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்புங்கள்’ என்று அவர் கொடுத்ததாகச் சொல்லப்படும் பதிலடியைத் தவிர அவையில் அவர் செய்தது என்ன? அவ்வை இல்லமும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அல்லவா அவருடைய உண்மையான சாதனைகள்?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

நியமனத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921இல் வாக்குரிமை கிடைத்தபோதும், சட்டமன்றத்தில் அமரும் உரிமை 1926இல்தான் கிடைத்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்யாய சொற்ப வாக்குகளில் தோற்றார். அதன் பிறகே, இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால், மருத்துவத் தொழில் கெடுமே என்று தயங்கிய முத்துலட்சுமியை அரசு நியமித்தது. ஆனால் நியமனம் வாசல்வரைதான். உள்ளே போனதும் அவரை ஒருமனதாகத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தவர்கள் அவையின் உறுப்பினர்கள்.

நீங்கள் குறிப்பிடும் அந்தப் பதிலடி, மேடைக்கு மேடை சொற்களும் சில வேளைகளில் சொன்னவரின் பெயரும்கூட மாறி வருவது. கைதட்டல் வாங்கும் ஒரு வாக்கியத்துக்குள் அவருடைய அவைப்பணியை அடக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் செய்தது அதைவிடச் சலிப்பூட்டும் வேலை, அதைவிடக் கெட்டிக்காரத்தனமான வேலையும்கூட.

கோயிலில் ஆடவும் பாடவும் கும்ப ஆரத்தி எடுக்கவும் பொட்டுக்கட்டப்பட்ட, அதாவது தாலி கட்டிக் கடவுளுக்கு மணமுடிக்கப்பட்ட, பெண்ணுக்கு மானியமாக நிலம் விடப்பட்டிருந்தது. அந்த நிலத்தை அனுபவிக்கும் உரிமை கோயில் ஊழியத்தோடு முடிச்சிடப்பட்டிருந்தது. ஊழியம் நின்றால் நிலம் கைவிட்டுப் போகும். ஆகவே தாய்க்குப் பின் மகள், மகள் இல்லாவிட்டால் சுவீகாரம் எடுத்த சிறுமி என்று, தலைமுறைக்கு ஒருத்திக்காவது பொட்டுக்கட்டியாக வேண்டிய கட்டாயத்தில் குடும்பம் இருந்தது. சமயம், மரபு, கலை என்று அவையிலும் பத்திரிகைகளிலும் எத்தனை பேசப்பட்டாலும், கும்பகோணத்துக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நஞ்சை நிலம் ஒரு குடும்பத்தை எந்த அளவுக்குக் கட்டிப்போடும் என்பது.

முத்துலட்சுமி கைவைத்தது அந்த முடிச்சில்தான். பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று 1927இல் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றிய அவர், இந்து அறநிலையச் சட்டத்தைத் திருத்தும் மசோதாவை அடுத்ததாக எடுத்தார். மானிய நிலத்தை ஊழியக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்து, அதற்கு ஈடாகக் கோயிலுக்கு ஒரு தொகை செலுத்தச் செய்து, நிலத்தை அந்தப் பெண்ணிடமே விட்டுவைப்பது அதன் சாரம். கோயிலுக்கு வருமானம் போகவில்லை, பெண்ணுக்கு நிலம் போகவில்லை, போனது ஊழியக் கட்டாயம் மட்டுமே. 1929இல் அது சட்டமாயிற்று. யாரையும் சிறைக்கு அனுப்பாமல், விலக விரும்பும் பெண்ணுக்கு விலகும் வசதியை முதலில் செய்துகொடுத்த அந்த வரிசைமுறையைத்தான் நான் சட்டமன்றத் திறமை என்கிறேன். அவருடைய தாயார் சந்திரம்மாள் தேவதாசிகள் பலர் வந்த இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர் என்பதை நினைத்தால், தடைக்கு முன் நிலத்தைப் பார்க்கும் கண் எங்கிருந்து வந்தது என்பதை ஓரளவு ஊகிக்கலாம்.

பொட்டுக்கட்டுவதையே தடைசெய்யும் மசோதாவை அவர் 1930இன் தொடக்கத்தில் கொண்டுவந்தார். அதே ஆண்டு உப்புச் சத்தியாகிரகத்தில் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவி விலகியதால் அது பாதியில் நின்றது. மசோதாவுக்காக அவர் அவையில் இருந்திருக்கலாமே என்ற எண்ணம் எனக்கும் உண்டு. ஆனால், அரசு நியமித்த ஓர் உறுப்பினர் அந்த நாற்காலியை அரசைக் கண்டித்து உதறியதை, பணியைக் கைவிட்டதாகக் கொள்ள முடியாது.

சாதனைகளைத் தனியாகவும் அவைப்பணியைத் தனியாகவும் நீங்கள் பிரிப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. அவ்வை இல்லம், அந்த விவாதங்களின் தொடர்ச்சியாகவே தொடங்கியது. பொட்டுக்கட்டு முறையிலிருந்து விலகிவந்த சிறுமிகளை நகரத்து விடுதிகள் சேர்த்துக்கொள்ள மறுத்தபோது, அவர்கள் அவருடைய வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தங்க இடமும் பள்ளிப் படிப்பும் அந்த வீட்டிலிருந்தே ஏற்பாடாயின. புற்றுநோய் மருத்துவமனையின் கதை வேறு. 1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தில் முளைத்து, மாதர் சங்கத்தின் நிதித்திரட்டலால் வளர்ந்து, 1954இல் 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டது அது. சட்டமன்றத்தோடு அதற்கு நேரடித் தொடர்பில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தேவதாசி மரபில் வந்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றோர் அவருடைய முயற்சியை எதிர்த்தார்கள். தேவதாசிகள் அரசுக்கு அனுப்பிய மனுவில், தங்களை விலைமகளிரோடு சேர்த்து எண்ண வேண்டாம் என்றும், தங்களுக்குத் தேவை கல்வியே என்றும் வாதிட்டிருந்தார்கள். அந்தக் குரலுக்கு முத்துலட்சுமி உரிய செவி கொடுத்தார் என்று சொல்ல மாட்டேன். பெண்வழியாக வந்த அந்தச் சொத்தில், ஊழியம் நீங்கிய பிறகு ஆண்களின் பிடி வலுத்தது என்று ஆய்வாளர்கள் பின்னாளில் சுட்டியிருப்பதும் அலட்சியப்படுத்தக்கூடியதன்று.

1947இன் சட்டமோ, பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்ததோடு நில்லாமல், கோயில் வளாகத்திலும் சுவாமி ஊர்வலத்திலும் பெண் ஆடுவதையே சட்டவிரோதமாக்கி, ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையும் வைத்தது. தடை அதில் இருக்கிறது. ஆடியவர்கள் இனி எதைக்கொண்டு பிழைப்பார்கள் என்ற கேள்வி, 1929இன் சட்டத்தில் இருந்த அந்தக் கேள்வி, அதில் இல்லை. எனவே கட்டுரையில் எழுதிய வரியை நான் மாற்றப்போவதில்லை. ஆனால் நீங்கள் சொல்வதுபோல, 1947இன் சட்டத்தை அவருடைய கணக்கில் எழுதவும் மாட்டேன்.