எண்ணிக்கை பூச்சியம், பழைய பக்கம் முதலிடம்: இணையத்தளக் கேள்வி பதில்

திருகோணமலைப் பக்கத்தில் விடுதி, படகு, கடை, ஊர்ச்செய்தி என்று சொந்தமாகத் தளம் வைத்திருப்பவர்களின் கேள்விகள் இவை. தளங்களைப் பழுது பார்ப்பதுதான் என் தொழில். லோகோ, பேஸ்புக் விளம்பரம் பற்றிக் கேட்காதீர்கள், அது என் கடை அல்ல.

உப்புவெளி, விடுதி நடத்துபவர்: அக்கா, போன மாதம் தளத்துக்குப் புதுத் தீம் (தோற்ற வடிவமைப்பு) போட்டோம். அன்றிலிருந்து, வருகையை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸில் பூச்சியம். ஆனால் முன்பதிவு வந்துகொண்டுதான் இருக்கிறது. எப்படி?

முன்பதிவு வருகிறதென்றால் ஆட்களும் வருகிறார்கள். எண்ணுகிறவர்தான் இல்லை. பழைய தீமின் ஹெடர் கோப்புக்குள் யாரோ அனலிட்டிக்ஸ் கோட் (எண்ணும் நிரல்) ஒன்றை நேரடியாக ஒட்டியிருப்பார்கள். தீம் போனபோது அதுவும் போய்விட்டது. நான் பார்க்கிற 'பூச்சியம்' கேஸ்களில் பெரும்பாலானவை இப்படித்தான்.

உறுதிப்படுத்த, கணினியில் பிரைவேட் ஜன்னல் ஒன்றைத் திறந்து தளத்துக்குப் போங்கள். வலது கிளிக் செய்து பக்கத்தின் மூலத்தைப் பாருங்கள். அதில் 'ஜி' எழுத்தும் ஒரு சிறு கோடும் போட்டுத் தொடங்கும் உங்கள் அடையாள எண்ணைத் தேடுங்கள். இல்லையென்றால், அதை டேக் மனேஜர் (இப்படியான கோட்களைத் தளத்தில் சேர்க்கும் கூகுள் கருவி) வழியாகப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். டேக் மனேஜரில் மாற்றம் செய்துவிட்டு 'பப்ளிஷ்' அழுத்த மறந்தவர்கள் ஏராளம். முன்னோட்டத்தில் எல்லாம் அழகாக ஓடும், வெளியில் ஒன்றும் இருக்காது.

எண் இருக்கிறது, 'யு.ஏ.' என்று தொடங்குகிறது என்றால் அது செத்த எண். பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் தரவு எடுப்பதை நிறுத்திவிட்டது. புதிதாக அனலிட்டிக்ஸ் 4 தான் திறக்க வேண்டும்.

சரி, கோட் போட்டாயிற்று. அப்புறம், பக்கங்களின் பிரதியைச் சேமித்து வைக்கும் கேஷ் பிளக்கினைக் காலி செய்யுங்கள். இல்லாவிட்டால் கோட் இல்லாத பழைய பிரதியையே அது எல்லோருக்கும் நீட்டிக்கொண்டிருக்கும். பிறகு உங்கள் போனில் வை-ஃபையை அணைத்து, டேட்டாவில் தளத்தைத் திறந்து, ரியல்டைம் ரிப்போர்ட்டைப் பாருங்கள். கடைசி 30 நிமிடத்தில் வந்தவர்கள் அங்கே தெரிவார்கள். விடுதி வை-ஃபையில் சோதிக்க வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் சொந்த வருகையை விலக்கும் வடிகட்டியை யாராவது போட்டிருந்தால் நீங்கள் எத்தனை முறை திறந்தாலும் காட்டாது. விளம்பரத் தடுப்பான் உள்ள பிரவுசரிலும் காட்டாது. சாதாரண ரிப்போர்ட்டில் எண்கள் வந்து சேர 24 முதல் 48 மணித்தியாலம் ஆகும். பத்து நிமிடத்தில் வரவில்லை என்று என்னைக் கூப்பிட வேண்டாம்.

நிலாவெளி: எங்களுக்கு மறுபக்கம். பக்கப் பார்வைகள் திடீரென்று இரண்டு மடங்கு. சந்தோஷப்படலாமா?

வேண்டாம். பிளக்கின் ஒன்று கோட் போடுகிறது, தீமுக்குள்ளும் அதே கோட் இருக்கிறது. ஒன்றை எடுங்கள்.

நகரம், கடைக்காரர்: சேர்ச் கொன்சோலில் நேற்று 40 கிளிக், அனலிட்டிக்ஸில் கூகுளில் இருந்து 27 பேர்தான். எது பொய்?

இரண்டும் பொய் இல்லை. சேர்ச் கொன்சோல் கூகுள் தேடலில் விழுந்த கிளிக்குகளை எண்ணுகிறது. அனலிட்டிக்ஸ் உங்கள் பக்கம் முழுதாகத் திறந்து, கோட் ஓடிய வருகைகளை எண்ணுகிறது. பாதியில் மூடியவர், தடுப்பான் வைத்திருப்பவர், குக்கி வேண்டாம் என்று சொன்ன ஐரோப்பியர் எல்லாம் இரண்டாவதில் குறைவார்கள். இன்னொன்று, சேர்ச் கொன்சோலின் 'நேற்று' அமெரிக்க மேற்குக் கரை நேரம். நமக்கும் அதற்கும் பன்னிரண்டரை முதல் பதின்மூன்றரை மணித்தியாலம் வித்தியாசம். நாள் கணக்கில் ஒப்பிடாமல் மாதக் கணக்கில் ஒப்பிடுங்கள்.

ஆறாம் கட்டை: அனலிட்டிக்ஸில் பூச்சியம் காட்டுகிறது அக்கா, என்ன செய்வது?

உப்புவெளிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கிண்ணியா, ஊர்த் தகவல் தளம் பார்ப்பவர்: பழைய பொறுப்பாளர் கிண்ணியாப் பாதையின் (பாலத்துக்கு முன் ஓடிய மிதவைப் படகின்) நேர அட்டவணையைப் பக்கமாகப் போட்டிருந்தார். பாலம் வந்து எத்தனையோ வருடம். ஆனாலும் அந்தப் பக்கத்துக்குத்தான் தேடலில் இருந்து ஆள் வருகிறது. அழித்து, முகப்புக்குத் திருப்பிவிடலாமா?

தம்பி, முகப்புக்குத் திருப்பாதீர்கள். இதை நான் தூக்கத்திலும் சொல்வேன். பாதை பற்றிக் கேட்டு வந்தவருக்கு முகப்பு பதில் இல்லை. கூகுளும் அந்தத் திருப்பலைப் பெரும்பாலும் 'பக்கம் இல்லை' என்றே கணக்கிலெடுக்கும்.

முதலில் சேர்ச் கொன்சோலில் அந்த முகவரியை மட்டும் வடிகட்டி, எந்தச் சொற்களைத் தேடி வருகிறார்கள் என்று பாருங்கள். பாலத்தையும் பஸ்ஸையும் தேடி வருகிறவர்கள் என்றால், அதே முகவரியில் பக்கத்தைத் திருத்தி எழுதுங்கள். பாதை ஓடிய இடத்தில் 396 மீற்றர் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது, இனி இப்படிப் போகலாம் என்று முதல் வரியிலேயே இருக்கட்டும். பழைய அட்டவணையைக் கீழே 'அந்தக் காலம்' என்று வையுங்கள். முகவரியை மாற்ற வேண்டாம். இத்தனை வருடம் அது சேர்த்த இணைப்புகள் எல்லாம் அந்த முகவரிக்குத்தான் வருகின்றன.

உண்மையிலேயே எவருக்கும் உதவாத பக்கமா? 'பக்கம் இல்லை' என்று சொல்லும் 404 அல்லது 410 குறியீட்டைக் கொடுத்து விடுங்கள். இரண்டுக்கும் கூகுளிடம் பெரிய வித்தியாசம் இல்லை. அதே பொருளில் வேறு நல்ல பக்கம் இருந்தால் மட்டும் 301 (நிரந்தரத் திருப்பல்) போட்டு அங்கே அனுப்புங்கள்.

இளைஞர், மூதூர்: யூடியூப்பில் ஒருவர், பழைய பக்கங்களை எல்லாம் அழித்தால் தளம் மேலே வரும் என்கிறார். 2015க்கு முந்தியதை மொத்தமாக அழிக்கப் போகிறேன்.

நில்லுங்கள். 2023 ஓகஸ்டில் சி-நெட் என்ற பெரிய அமெரிக்கத் தளம் ஆயிரக்கணக்கான பழைய கட்டுரைகளை இந்த எண்ணத்தில் நீக்கியது. பழசு என்பதற்காக நாங்கள் ஒதுக்குவதில்லை என்று கூகுள் தரப்பே அப்போது பகிரங்கமாகச் சொன்னது. பழசும் பயனற்றதும் ஒன்றல்ல.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: நன்றாகச் சொன்னாய் பிள்ளை. எங்கள் சங்கத்தின் தளத்தில் 2004 சுனாமி நேரத்து நிவாரண அறிவித்தல்கள் இருக்கின்றன. 'டெட் பேஜ்' என்று பொடியன்கள் நீக்கச் சொல்கிறார்கள். அது எங்கள் ஊரின் ஆவணம்.

மூதூர் இளைஞர்: சேர், அதில் ஆட்களின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் இருக்கிறது. என் பெரியம்மாவின் பெயரைக் கூகுளில் போட்டால் முதலில் வருவது அந்த முகாம் பட்டியல். அவருக்கு அது பிடிக்கவில்லை.

ஆசிரியர்: பெயரை எடுத்துவிட்டால் அது என்ன ஆவணம் தம்பி? வெறும் எண்ணிக்கை.

மூதூர் இளைஞர்: ஆவணம் அலுமாரியில் இருக்கட்டும் சேர். கூகுளில் ஏன்?

இருவரும் கொஞ்சம் பொறுங்கள். தேடலில் இருந்து மறைப்பது வேறு, அழிப்பது வேறு. பக்கத்தில் 'நோ இண்டெக்ஸ்' குறி போட்டால் தளத்துக்கு வருகிறவர் படிக்கலாம், கூகுளில் பெரியம்மாவின் பெயருக்கு அது வராது. அப்படிப் போட்டுவிட்டு, பத்திரத்துக்கு என்று, கூகுள் எங்கே வரக்கூடாது எனச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பிலும் அந்தப் பக்கத்தைத் தடுத்துவிடாதீர்கள். தடுத்தால் கூகுள் உள்ளே வராது. வராவிட்டால் குறியைப் பார்க்காது. பார்க்காவிட்டால் முகவரி தேடலில் அப்படியே கிடக்கும். கதவைப் பூட்டிவிட்டு உள்சுவரில் அறிவித்தல் ஒட்டுவது போல.

ஆசிரியர்: போன் நம்பர்?

நம்பரும் வீட்டு முகவரியும் போகத்தான் வேண்டும் சேர், மறைத்தால் போதாது. அறிவித்தலின் திகதி, எந்தப் பாடசாலையில் முகாம், எத்தனை குடும்பம், என்ன பொருள் வந்தது, இவை எல்லாம் திறந்தே இருக்கட்டும், தேடலிலும் வரட்டும். பெயர்ப்பட்டியலை மட்டும் தனிப் பக்கமாகப் பிரித்து 'நோ இண்டெக்ஸ்' போடுங்கள். கேட்பவரின் பெயரை அதிலிருந்தும் எடுங்கள். முழுப் பிரதியை அச்சடித்துச் சங்கத்தில் வையுங்கள்.

ஆசிரியர்: பாதி சம்மதம்.

மூதூர் இளைஞர்: எனக்கும் பாதிதான்.

அப்படியென்றால் அடுத்த கேள்விக்குப் போவோம்.

திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப் போகும் படகுக்காரர்: ஒவ்வொரு சீசனுக்கும் புதுப் பக்கம் போடுகிறேன். கூகுளில் 2022 விலைதான் முன்னுக்கு வருகிறது.

வரத்தான் செய்யும். மூன்று நான்கு பக்கங்கள் ஒரே பொருளில் நின்று ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. ஆண்டு எண் இல்லாத ஒரே முகவரியை வைத்து, சீசனுக்குச் சீசன் அதிலேயே விலையை மாற்றுங்கள். பழைய ஆண்டுப் பக்கங்களை அதற்கு 301 போடுங்கள். முகப்புக்கு அல்ல! மாரி காலத்தில் கடல் அடித்துத் தொழில் நிற்கும்போது பக்கத்தைத் தூக்காதீர்கள், 'இப்போது ஓட்டம் இல்லை, சித்திரைக்குப் பிறகு கேளுங்கள்' என்று எழுதி வையுங்கள். சைட்மேப்பில் (கூகுளுக்குக் கொடுக்கும் பக்கப் பட்டியலில்) திருத்திய திகதியை உண்மையாகப் போடுங்கள். பக்கத்தைத் தொடாமல் திகதியை மட்டும் புதுப்பித்தால் கூகுள் அந்தத் திகதியை நம்புவதை விட்டுவிடும்.

சீனன்குடா: சேர்ச் கொன்சோலின் ரிமூவல் டூலில் கொடுத்து நீக்கிய பக்கம் திரும்ப வந்துவிட்டது.

அது சுமார் ஆறு மாதத்துக்கு மறைப்பது மட்டுமே. அதற்குள் பக்கத்தை அழிக்க வேண்டும், அல்லது 'நோ இண்டெக்ஸ்' போட வேண்டும். ரோபோட்ஸ் கோப்பில் தடுக்க வேண்டாம், மேலே சொல்லிவிட்டேன்.

நிலாவெளி, இன்னொருவர்: அனலிட்டிக்ஸில் போன வருடத்து விபரத்தை எக்ஸ்புளோர் பகுதியில் பார்க்க முடியவில்லை.

டேட்டா ரிட்டென்ஷன் (விபரத்தை வைத்திருக்கும் காலம்) இரண்டு மாதத்தில் நிற்கிறது. 14 மாதத்துக்கு மாற்றுங்கள். போனது போனதுதான்.

அலஸ்தோட்டம்: பூச்சியம்...

உப்புவெளி.

நகரம், விடுதி: வேறொரு பயணத் தளத்தில் எங்கள் பழைய விலை இருந்தது. அவர்கள் திருத்திவிட்டார்கள். கூகுள் முடிவில் மட்டும் பழைய வரியே தெரிகிறது. அது எங்கள் தளம் அல்லவே?

உங்களுடையதாக இருக்கத் தேவையில்லை. காலாவதியான உள்ளடக்கத்தைப் புதுப்பிக்கக் கேட்கும் கருவி ஒன்று கூகுளில் இருக்கிறது, எவரும் பயன்படுத்தலாம். பக்கத்தின் முகவரியையும், இப்போது அங்கே இல்லாத ஒரு சொல்லையும் கொடுக்க வேண்டும். பழைய விலையையே கொடுங்கள். பக்கத்தின் எந்த மூலையிலாவது அந்த எண் இன்னும் கிடந்தால் மறுத்துவிடும், ஆகவே முதலில் பக்கத்துக்குள் தேடிப் பாருங்கள். அடியில் சிறிய எழுத்தில் 'முந்தைய விலை' என்று வைத்திருப்பார்கள்.