ல, ள, ழ குழப்பமா? பத்து முறை எழுத வைக்காதீர்கள்

வணக்கம் சகோதரி. ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன் சொல்வதெழுதுதலில் ல, ள, ழ மூன்றையும் குழப்புகிறான், பத்து முறை எழுத வைத்தும் திருந்தவில்லை என்கிறீர்கள். முதலில் அதை நிறுத்துங்கள், கைதான் வலிக்கும். வீட்டில் நாமே பலம், பழம் இரண்டையும் ஒரே மாதிரிதானே சொல்கிறோம்? அவன் காதில் விழுவதைத்தான் எழுதுகிறான்.

கண்ணாடி முன் நாக்கைக் காட்டுங்கள். ல சொன்னால் நுனி மேல்பல்லின் பின்னால் தொடும். ள-வுக்கு மடிந்து அண்ணத்தில் ஒட்டும். ழ-வுக்கு மடியும், ஆனால் ஒட்டாது.

பினாங்குப் பிள்ளையான என் மகளிடம், "அசாம் லக்சாவில் போடுவது புளியா, புலியா?" என்று எங்கள் ஊர்ப் புளிப்பு மீன் நூடுல்ஸைப் பற்றிக் கேட்டேன். சிரித்தவள் அப்புறம் அந்தச் சொல்லில் தவறவே இல்லை. ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும்.

மலாய், ஆங்கிலத்திலும் எழுத்துகள் இடம் மாறினால் ஆசிரியரிடம் பேசுங்கள். அது டிஸ்லெக்சியா என்ற வாசிப்பு, எழுத்துச் சிரமமாகவும் இருக்கலாம். அதற்கென்றே கோலாலம்பூரில் மலேசிய டிஸ்லெக்சியா சங்கம் இருக்கிறது.