மகள் கேட்டதற்கு என்ன பதில் சொன்னீர்கள்?

கேள்வி: பதினைந்து ஆண்டுகளாகப் பொறியாளராக இருக்கிறேன். நான் எழுதும் அறிக்கைகளும் ஆய்வுச் சுருக்கங்களும் 'ஆங்கிலம் தெளிவாக இல்லை' என்ற குறிப்போடு திரும்பி வருகின்றன. பள்ளி இறுதியாண்டில் இருக்கும் மகள்தான் இரவில் இலக்கணம் பார்த்துத் தருகிறாள். நடுவில் அர்த்தம் கேட்டால், 'அதெல்லாம் உனக்கு எதற்கு' என்று சொல்லிவிடுவேன். ஆங்கிலம் மேம்பட எந்தப் புத்தகத்தைப் படிக்கலாம்?

பதில்: புத்தகம் கிடக்கட்டும். போகிற போக்கில் 'அதெல்லாம் உனக்கு எதற்கு' என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான் இருக்கிறது. உங்கள் எழுத்துக்கு வாய்த்த முதல் வாசகியின் வாயை அடைத்துவிட்டு, அவள் கையில் 'ஏ', 'தி' என்ற ஆர்ட்டிகிள்களைத் திருத்தும் வேலையை மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். தமிழில் இல்லாத அந்த 'ஏ'யும் 'தி'யும் நம் எல்லோருக்கும் தடுமாற்றந்தான். அவற்றுக்காக மட்டும் யாரும் ஓர் ஆய்வைத் திருப்பி அனுப்புவது அரிது.

நீங்கள் இணைத்திருந்த சுருக்கத்தைப் படித்தேன். 'ஆன் இன்வெஸ்டிகேஷன்' (ஓர் ஆய்வு) என்று தொடங்கி 'வாஸ் கேரிட் அவுட்' (மேற்கொள்ளப்பட்டது) என்று முடியும் முதல் வாக்கியம் ஐந்து வரிக்கு நீள்கிறது. அதிர்வு குறைந்தது என்ற முடிவோ கடைசி வரியில் ஒளிந்திருக்கிறது, எவ்வளவு குறைந்தது என்ற எண்கூட இல்லை. எச்சங்களை அடுக்கிக்கொண்டே போய் வினைமுற்றை இறுதியில் வைப்பது தமிழின் அழகு. ஆங்கிலம் படிப்பவரோ எழுவாயும் வினையும் தொடக்கத்திலேயே அருகருகே நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர். 'வீ டெஸ்டட்' என்று தொடங்கி, எதைச் சோதித்தீர்கள் என்று உடனே சொல்லுங்கள். செய்ததையும் கண்டதையும் இறந்தகாலத்தில் எழுதுங்கள். அதனால் விளங்கும் பொதுக் கருத்துக்கு நிகழ்காலம் பொருந்தும். பல ஆய்விதழ்கள் சுருக்கத்துக்கு 250 சொற்களுக்கு மேல் இடம் தருவதில்லை. அதில் பாதியை முன்னுரைக்கே செலவழித்திருக்கிறீர்கள்.

பிள்ளையிடம் வேலை வாங்குவது தவறு என்று நான் சொல்லமாட்டேன்; ஒருவர் சுமைக்கு இன்னொருவர் தோள் கொடுப்பதுதான் குடும்பம். ஆனால் தேர்வை வைத்துக்கொண்டு உங்களுக்காகக் கண்விழிக்கும் பெண் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வது தகப்பனின் கடமை. அந்தப் பதில்தான் உங்கள் சுருக்கத்தில் இல்லாமல் போனதும்.

இன்று சாப்பிட்டு முடித்ததும் தாளை மூடி வைத்துவிட்டு, என்ன செய்தீர்கள், என்ன கண்டீர்கள் என்று அவளுக்குத் தமிழில் சொல்லுங்கள். அவள் எங்கே 'ஏன்?' என்று குறுக்கிடுகிறாளோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவளைத் தூங்க அனுப்பிவிட்டு, ஆர்ட்டிகிள்களை நீங்களே உட்கார்ந்து பாருங்கள்.