மைல்களைச் 'சேமித்த' வாசகருக்கு

கேள்வி: பதினோரு ஆண்டுகளாக மளிகைச் சாமான் முதல் மகளின் கல்லூரிக் கட்டணம் வரை எல்லாவற்றையும் ஒரே கிரெடிட் கார்டில் செலுத்தி, ஒரு விமான நிறுவனத்தின் மைல்களை (டிக்கெட்டுக்கு மாற்றிக்கொள்ளும் புள்ளிகளை) சேமித்து வைத்தேன். இந்த டிசம்பரில் நாங்கள் நால்வரும் சென்னைக்கு வந்து அம்மாவைப் பார்க்கலாம் என்று தேடினால், மைல்களுக்குக் கிடைக்கும் இருக்கை ஒன்றுகூட இல்லை. ஜனவரியில் ஒரே ஒரு நாள் காட்டினார்கள். அதற்கும் சென்ற ஆண்டு கேட்டதைப் போல் இரண்டு மடங்கு மைல். என் சேமிப்பு எங்கே போயிற்று? இதை யாரிடம் முறையிடுவது?
(நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: முறையீட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்பு, உங்கள் கடிதத்தில் இரண்டு முறை வரும் 'சேமிப்பு' என்ற சொல்லை உங்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள விரும்புகிறேன். அந்தச் சொல்லை நம்பித்தான் பதினோரு ஆண்டுகள் காத்திருந்தீர்கள்.

நம் ஊரில் சேமிப்பு என்றால் சீட்டு நினைவுக்கு வரும். சீட்டுப் பிடித்து ஏமாந்த கதைகள் நம்மிடம் ஏராளம் என்பதால், 1982-ஆம் ஆண்டின் சிட் நிதிச் சட்டம் சீட்டு நடத்துகிறவரை நன்றாகவே கட்டிப்போட்டிருக்கிறது. சீட்டைத் தொடங்கும் முன் அவர் அதைப் பதிவு செய்ய வேண்டும்; சீட்டுத் தொகைக்குச் சமமான பிணையத்தை முன்கூட்டியே வைக்க வேண்டும்; தமக்கு எடுத்துக்கொள்ளும் கமிஷனும் ஏழு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஐந்தாகத் தொடங்கி, 2019-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகுதான் அது ஏழானது. மாதம் சில ஆயிரம் ரூபாய் கட்டும் ஒரு குடும்பத்துக்காக இவ்வளவு காவல் போட்டிருக்கிறோம். நீங்கள் பதினோரு ஆண்டுகள் கட்டிய சீட்டில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. மைலை வெளியிடுவதும், ஒரு டிக்கெட்டுக்கு எத்தனை மைல் என்று தீர்மானிப்பதும், அந்த விலைக்கு எத்தனை இருக்கைகளைத் திறந்துவிடுவது என்று முடிவு செய்வதும் ஒரே கை. சேர்ந்தபோது நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். விதிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்றும், மைல்கள் உறுப்பினரின் சொத்து அல்ல என்றும் அநேகமாக எழுதியிருக்கும். சொத்தே அல்லாத ஒன்றைச் சேமிக்க முடியாது.

இது தொடக்கத்திலிருந்தே இப்படி இருந்ததில்லை. 1978-இல் அமெரிக்கா விமானத் துறையின் கட்டணக் கட்டுப்பாடுகளை நீக்கியது, போட்டி மூண்டது, பயணிகளைத் தன்னிடமே தக்கவைத்துக்கொள்ள அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே 1-ஆம் தேதி தன் மைல் திட்டத்தைத் தொடங்கியது. சில நாள்களிலேயே யுனைடெட் நிறுவனமும் பின்தொடர்ந்தது. பறந்தால் மைல்; போதிய அளவு சேர்ந்தால், எப்படியும் காலியாகப் பறக்கப்போகும் ஓர் இருக்கை. இருவருக்கும் நட்டமில்லாத ஏற்பாடு அது. 1987-இல் சிட்டிபேங்க் அட்டை வழியாக மளிகைக் கடையிலும் மைல் கிடைக்கத் தொடங்கியபோதுதான் எல்லாம் மாறியது. அன்றிலிருந்து மைல் என்பது பறந்ததன் அடையாளம் அல்ல, வங்கிக்கு விற்கப்படும் சரக்கு.

ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியான என் நண்பர் ஒருவருடன் இதைப் பற்றிப் பல ஆண்டுகளாக வாதிட்டு வருகிறேன். "கடைக்காரர் பிரியப்பட்டுக் கொடுக்கும் தள்ளுபடி இது, கொடுத்தவர் குறைத்தால் கேட்க முடியாது" என்பது அவர் கட்சி. நான் அதை ஏற்றதில்லை, இன்றும் ஏற்கவில்லை. பிரியப்பட்டுக் கொடுப்பதற்கு யாரும் விலை கட்டுவதில்லை. மைலுக்கோ கட்டப்படுகிறது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்ற கார்டு நிறுவனத்திடமிருந்து 2024-ஆம் ஆண்டில் மட்டும் டெல்டா ஏர்லைன்ஸ் பெற்ற தொகை ஏறத்தாழ 740 கோடி டாலர். அந்தப் பணத்தில் பெரும்பகுதி, நீங்கள் கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கடைக்காரர் செலுத்தும் கட்டணத்திலிருந்து வருகிறது; அந்தக் கட்டணத்தைக் கடைக்காரர் அரிசி விலையிலும் பருப்பு விலையிலும் ஏற்றித்தான் ஈடுகட்டுகிறார். ஆகவே உங்கள் மைலுக்கு விலை கொடுத்தவர் நீங்கள்தான். கார்டே வைத்திருக்காமல் ரொக்கம் கொடுத்து வாங்கும் உங்கள் அண்டை வீட்டுக்காரரும் சேர்ந்து கொடுத்திருக்கிறார்.

இந்த மைல்களின் உண்மையான மதிப்பு என்ன என்பதைக் கொரோனாக் காலம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. விமானங்கள் தரையில் நின்ற 2020-இல், யுனைடெட் தன் மைல் திட்டத்தை அடமானமாகக் காட்டி 680 கோடி டாலர் திரட்டியது. டெல்டா அதே ஆண்டில் 900 கோடி டாலரும், அமெரிக்கன் 2021 மார்ச்சில் 1,000 கோடி டாலரும் அதே வழியில் பெற்றன. யுனைடெட் தன் திட்டத்துக்குக் கடன் கொடுப்பவர்களிடம் சொன்ன மதிப்பு ஏறத்தாழ 2,200 கோடி டாலர். விமானங்களையும் வழித்தடங்களையும் சேர்த்து முழு நிறுவனத்துக்கும் பங்குச் சந்தை அப்போது கொடுத்த மதிப்பைவிட அது அதிகம். கடன் கொடுப்பவர் கேட்கும்போது கோடிக்கணக்கில் மதிப்புள்ள சொத்தாக இருக்கும் ஒன்று, உறுப்பினர் கேட்கும்போது மட்டும் மதிப்பற்ற சலுகையாக மாறுவது எந்த நியாயத்தில் சேரும்?

இனி உங்கள் டிசம்பருக்கு வருகிறேன். மைலுக்குக் குறைந்த விலையில் கிடைக்கும் இருக்கைகளை எத்தனை திறப்பது என்பதை ஒவ்வொரு விமானத்துக்கும் வருவாய் நிர்வாகப் பிரிவு தனித்தனியாக முடிவு செய்கிறது. பணத்துக்கு விற்காது என்று அந்தப் பிரிவு கணிக்கும் இருக்கைதான் உங்களுக்கு வரும். பள்ளி விடுமுறையும் கிறிஸ்துமஸும் மார்கழிக் கச்சேரிகளும் திருமணங்களும் ஒன்றுசேரும் அந்த வாரங்களில் சென்னைக்கான இருக்கை எதுவும் விற்காமல் போகாது. ஆகவே எதுவும் திறக்கப்படுவதில்லை. வேறொரு கூட்டாளி நிறுவனத்தின் விமானத்தில் தேடினால் இன்னும் கடினம். உங்கள் நிறுவனம் அந்த இருக்கைக்குக் கூட்டாளிக்குக் கொடுக்கும் தொகை பெரும்பாலும் பயணி கொடுக்கும் விலையைவிட மிகக் குறைவு என்பதால், அவர்கள் நல்ல இருக்கைகளைத் தங்கள் உறுப்பினர்களுக்கே வைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு மடங்கு விலைக்குக் காரணம் வேறு. முன்பு இன்ன ஊருக்கு இத்தனை மைல் என்று ஓர் அட்டவணை இருந்தது. பிடிக்கிறதோ இல்லையோ, இலக்கு எங்கே என்று தெரியும். டெல்டா 2015-இல் அந்த அட்டவணையை எடுத்துவிட்டது. யுனைடெட் 2019-இல் தன் விமானங்களுக்கான அட்டவணையை எடுத்தது. அமெரிக்கன் 2023-இல் அதே வழியில் சென்றது. இப்போது டிக்கெட் விலை ஏற ஏற மைல் கணக்கும் ஏறுகிறது. ஒரு டிக்கெட்டுக்கு இவ்வளவு என்று தெரிந்து பல ஆண்டுகள் மைல் சேர்த்த ஒருவரிடம், அவர் எல்லைக் கோட்டை நெருங்கிய பிறகு கோட்டை நகர்த்துவதை நான் விலை மாற்றம் என்று சொல்ல மாட்டேன். வாக்குத் தவறுவது என்றுதான் சொல்வேன்.

நீதிமன்றம் உதவாதா என்று கேட்பீர்கள். 1988-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் உறுப்பினர்கள் ஏற்கெனவே ஈட்டிய மைல்களுக்கும் பொருந்தும்படி இருக்கை எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி, சில தேதிகளை விலக்கியது. உறுப்பினர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1995-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1978-இல் கட்டுப்பாடுகளை நீக்கிய சட்டம் விமானக் கட்டணத்திலும் சேவையிலும் மாநிலங்கள் தலையிடுவதைத் தடுப்பதால் மாநிலங்களின் நுகர்வோர் மோசடிச் சட்டங்கள் இதில் செல்லாது, ஒப்பந்த மீறல் என்று மட்டும் வழக்காடலாம் என்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தமோ விமான நிறுவனம் எழுதியது. 2014-இல் அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில் தீர்ப்பளித்தது. அளவுக்கு மீறிப் புகார் செய்ததாகக் கூறி நார்த்வெஸ்ட் விமான நிறுவனம் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கிய ஒரு யூத மதகுரு, நல்லெண்ணத்துடன் நடந்துகொள்ளும் கடமை நிறுவனத்துக்கு உண்டு என்று வாதாடினார். நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக அவர் கோரிக்கையை மறுத்தார்கள். பெயர் கெட்ட திட்டத்தில் சேராமல் விலகியிருப்பது உறுப்பினருக்குள்ள பாதுகாப்புகளில் ஒன்று என்றது தீர்ப்பு. பதினோரு ஆண்டு மைல்களைக் கையில் வைத்திருப்பவரால் எப்படி விலக முடியும்? 1978-இன் அந்தச் சட்டம் பயணிக்குப் போட்டியின் பலன் கிடைக்கட்டும் என்று எழுதப்பட்டது. அதையே பயணிக்கு எதிரான கதவாகப் பயன்படுத்துவது எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

உங்களால் செய்யக்கூடியவை சில உண்டு. நால்வருக்கும் சேர்த்துத் தேடாதீர்கள். ஒரு விமானத்தில் இரண்டு இருக்கைகளே திறந்திருந்தால், நால்வருக்குத் தேடும்போது அந்த விமானமே திரையில் வராது. ஒருவருக்கு எனத் தேடுங்கள், பிறகு இருவராகப் பிரிந்து அடுத்தடுத்த நாள்களில் வாருங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் பயணத்துக்கு ஏறத்தாழ பதினொரு மாதங்களுக்கு முன் இருக்கைகளை வெளியிடத் தொடங்குகின்றன. அடுத்த டிசம்பர்தான் வேண்டுமென்றால், நாள்காட்டியில் குறிக்க வேண்டியது வரும் ஜனவரியை. இனிமேல் விமான நிறுவனத்தின் பெயர் போட்ட கார்டில் செலவழிப்பதை நிறுத்துங்கள். பல நிறுவனங்களுக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய பாயின்ட்டுகளை வங்கியே தரும் கார்டுகள் இருக்கின்றன. அந்தப் பாயின்ட்டுகளையும் இருக்கையைக் கண்ணால் பார்த்த பிறகே மாற்றுங்கள், ஏனென்றால் ஒருமுறை மாற்றினால் பெரும்பாலும் திரும்பாது. ஏற்கெனவே கையிலுள்ள மைல்களை வைத்திருக்க வேண்டாம். டிசம்பரை விட்டுப் பிப்ரவரியிலோ ஆகஸ்டிலோ ஒருவராவது வந்து அம்மாவைப் பார்த்துச் செல்லுங்கள். மகளுக்கு வகுப்பு இருக்கும் என்பது தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், அம்மா பண்டிகைக்காகக் காத்திருக்கவில்லை.

முறையீட்டை அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்கு அனுப்புங்கள். 2024 செப்டம்பரில் அந்தத் துறை அமெரிக்கன், டெல்டா, யுனைடெட், சவுத்வெஸ்ட் ஆகிய நான்கு நிறுவனங்களிடமும் மைல்களின் மதிப்பைக் குறைப்பது, மறைவான விலை நிர்ணயம் ஆகியவற்றுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதியது. முதலில் விமான நிறுவனத்துக்கே எழுத்து மூலம் புகார் அனுப்புங்கள். விதிப்படி அவர்கள் 30 நாள்களுக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, 60 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதிலையும் சேர்த்துத் துறைக்கு அனுப்புங்கள். சென்ற ஆண்டு காட்டிய மைல் கணக்கைத் திரையிலிருந்து படம் பிடித்து வைத்திருந்தால், தேதியுடன் அதையும் இணைத்துவிடுங்கள்.